பகல் ஷிஃப்ட்டைக் கேட்டவர்கள்

கொரட்டூர்
ஞாயிறு காலை

அன்பு மகள் ஷர்மிளாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம். டப்ளினில் நீயும் அப்படியே இருப்பாய் என்ற நம்பிக்கையில் பேனாவை எடுத்திருக்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் உங்கள் பகல் ஷிஃப்ட் குழுவின் ஆல்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே "வேற பேசலாம்பா" என்கிறாய். கடிதத்தில் அப்படிக் குறுக்கே விழ முடியாது. நான் எழுதி முடித்ததும் உங்கள் டிரம்ஸ்காரன் ஆசிம் இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான். கடைசிவரை படி.

முதலில் வீட்டுச் செய்தி. அம்மாவின் சர்க்கரை இந்த முறை கொஞ்சம் அடங்கியிருக்கிறது, ஆனால் மாத்திரையை ஞாபகப்படுத்தினால் கோபம் அடங்குவதில்லை. ஏரி நிரம்பிக்கொண்டு வருகிறது. நம் தெருவில் கால்வாய்க்குத் தோண்டிய பள்ளத்தை இன்னும் மூடவில்லை. கீழ்வீட்டு நடேசன் அதில் ஸ்கூட்டரோடு இறங்கிவிட்டார். அடி ஒன்றும் இல்லை, வேட்டிதான் போயிற்று.

இனி விஷயத்துக்கு வருகிறேன். "கேட் போட்டாச்சு" ஆல்பம் வந்தபோது அதைக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று நம் இருவருக்கும் தெரியும். அதில் பாதி நம் சொந்தக்காரர்கள். இணையத்தில் ஒரே ஒருவர் விமர்சனம் எழுதினார். "இது பாட்டு இல்லை, தெருச் சண்டைக்கு யாரோ டிரம்ஸ் வாசித்தது போல இருக்கிறது" என்று அவர் எழுதியதை நீ சாப்பாட்டு மேசையில் சிரித்துக்கொண்டே படித்துக் காட்டினாய். அதற்குப் பிறகு நீ ஒரு வரி பாடி நான் கேட்கவில்லை. அடுத்த வருஷம் ஆஸ்பத்திரி லேப் வேலை கிடைத்து விமானம் ஏறினாய். அஸ்வின் கிடாரோடு பெங்களூருக்குப் போனான். சம்பத் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். ஆசிம் பூந்தமல்லியில் அவன் வாப்பா அமீர் பாயின் மெத்தைக் கடையில் உட்கார்ந்தான். டிரம்ஸை மெத்தைகளுக்குப் பின்னால் அடுக்கி வைத்திருந்ததை நானே பார்த்தேன்.

அந்தக் கடைக்குத் தலையணை வாங்க வந்தவர்தான் கஜபதி. ஆவடிப் பக்கத்துப் பெண்களை அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்ஸின் டிரைவர். தினம் ஒரே சினிமாப் பாட்டைப் போட்டு அலுத்துவிட்டது, புதுசா ஏதாச்சும் இருந்தா குடு நைனா என்று கேட்டிருக்கிறார். ஆசிம் தன் பென்டிரைவைக் கொடுத்திருக்கிறான். யாருடைய பாட்டு என்று சொல்லவில்லையாம். அவனுக்கும் பயம்தான்.

முதல் நாள் பஸ்ஸில் பெண்கள் நிறுத்தச் சொல்லிக் கத்தினார்களாம். அடுத்த நாளும் கஜபதி விடவில்லை. ஒரு வாரம் கழித்து அவர் வேறு பாட்டுப் போட்டபோது, "அந்தச் சண்டக்காரி பாட்டு இன்னா ஆச்சு?" என்று பின் சீட்டிலிருந்து குரல் வந்திருக்கிறது. அப்புறம் ஒரு நாள் ரயில்வே கேட்டில் பஸ் நிற்கும்போது "கேட் போட்டாச்சு, கேட் போட்டாச்சு, எனுக்கு இன்னா, நான் குனிஞ்சி வரேன்" என்று பஸ்ஸே பாடியதை சுவேதா என்ற பெண் வீடியோ எடுத்து இணையத்தில் போட்டிருக்கிறாள். வேலைக்கு நேரமாகிவிட்ட எரிச்சலில் அத்தனை பெண்கள் ஜன்னல் கம்பியைத் தட்டிப் பாடுகிறார்கள். அது ஊர் ஊராகப் போய்விட்டது. அதைப் பார்த்தவர்கள் தேடிப் பிடித்து முழு ஆல்பத்தையும் கேட்கிறார்கள் என்று ஆசிம் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை.

அதனால் நேரில் போனேன். கஜபதியிடம் கேட்டு, ஒரு காலை அந்த பஸ்ஸில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தேன். பாடுகிறவளின் அப்பா என்று அவர் சொன்னதும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. பிறகு ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள்.

சுவேதா எழுந்து வந்து என் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தெருவுல சண்ட போடற மாதிரியே பாடுது சார் உங்க பொண்ணு. அதான் எனுக்குப் புடிச்சிது. நாங்க பேசற மாதிரியே கீது. நான் சூப்பர்வைசராண்ட சொல்லணும்னு நெனச்சி முழுங்கினதெல்லாம் அது பாட்டுல சொல்லிடுச்சி" என்றாள். அதே சண்டை என்ற வார்த்தைதான், ஷர்மிளா. அந்த விமர்சகரை அவள் படித்ததில்லை.

ஷம்ஷாத் என்ற பெண்ணுக்குக் கடைசிப் பாட்டுத்தான் உசத்தி. அந்த மொட்டைமாடிப் பாட்டு. அதைப் போட்டால்தான் அவள் குழந்தை தூங்குகிறதாம். நாலாவது பாட்டு தேவையே இல்லை, பாதியில் இழுக்கிறது என்றாள் இன்னொருத்தி. அதற்குப் பின்னாலிருந்து பெரிய எதிர்ப்பு. கஜபதிக்கு ஆசிம் தனியாக டிரம்ஸ் வாசிக்கும் இடம் ஆகாது. "அந்த எடத்துல மட்டும் சவுண்ட கொறச்சிடுவேன் அண்ணாத்தே, ஸ்டியரிங்கே ஒதறுது" என்றார். குழுவுக்குப் பகல் ஷிஃப்ட் என்று ஏன் பெயர் என்று ஒருத்தி கேட்டாள். அப்போது நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸில் அப்பாக்கள் எல்லாம் டாங்கித் தொழிற்சாலைக்குப் பகல் ஷிஃப்ட் போன சமயத்தில்தான் இவர்கள் சத்தம் போட முடியும், அதனால் என்று சொன்னேன். எஸ்டேட் வரும்வரை சிரித்தார்கள்.

அப்புறம் ஆசிம் எனக்கு இணையத்தில் பார்க்கக் கற்றுக்கொடுத்தான். தூத்துக்குடியில் ஒருவர், "இத்தனை வருஷம் இது எங்கே இருந்தது, எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை" என்று கோபமாக எழுதியிருக்கிறார். முகப்பேரில் ஒரு பையன், தன் ஊர்ப் பேச்சை வெட்கமில்லாமல் ஒருத்தர் பாடி முதல்முறையாகக் கேட்கிறேன் என்கிறான். பாராட்டு மட்டும் இல்லை. ரிக்கார்டிங் மோசம், தகர டப்பாவுக்குள் பாடியது போல இருக்கிறது என்று ஒருவர். "தகரக் கூரை போட்ட அறையில்தான் ஐயா பாடினார்கள்" என்று நான் பதில் போட்டேன். அழித்துவிடுங்கள் அங்கிள் என்று ஆசிம் கெஞ்சினான். அழிக்கவில்லை. அதற்கு நிறையப் பேர் இதயம் போட்டிருக்கிறார்கள்.

இனி ஆயுத பூஜை அன்று நடந்தது. அந்தப் பெண்களின் கம்பெனியில் பூஜை முடிந்து கலைநிகழ்ச்சி வைப்பார்கள். சுவேதாவும் மற்றவர்களும் மேனேஜரை நச்சரித்து ஆசிமைக் கூப்பிட வைத்துவிட்டார்கள். சம்பத் பேஸ் கிடாரைத் தூசி தட்டினான். அஸ்வின் ரயிலேறி வந்தான், கொஞ்சம் பெருத்துவிட்டான். பாட ஆள் இல்லை. வெறும் வாத்தியமாக இரண்டு பாட்டு வாசித்துவிட்டு இறங்கிவிடலாம் என்பது அவர்கள் திட்டம். மெத்தை ஏற்றும் வண்டியில்தான் டிரம்ஸ் வந்தது. அமீர் பாயே கூட வந்து இறக்கினார்.

மிஷின்களுக்கெல்லாம் சந்தனப் பொட்டு வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைத்த இடத்தைத் தாண்டிக் கூட்டம் நின்றது. பக்கத்துக் கம்பெனிக்காரர்களும் வந்துவிட்டார்கள். அஸ்வின் முதல் பாட்டின் ஆரம்பத்தை வாசித்தான். நீ பாட வேண்டிய இடம் வந்தது. அங்கே காலியாக இருக்கப்போகிறது என்று நினைத்தேன். காலியாக இல்லை, அம்மா. அத்தனை பேரும் பாடினார்கள். முன்னால் பெண்கள், பின்னால் லோடு இறக்குகிறவர்கள், செக்யூரிட்டி சட்டையில் ஒருவர். ஆசிம் வாசித்துக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டான். அழுகிறான் என்று தெரிந்தது, கை மட்டும் நிற்கவில்லை.

மூன்றாவது பாட்டில் சுவேதாவை மேடைக்குத் தள்ளிவிட்டார்கள். நன்றாகத்தான் ஆரம்பித்தாள். இரண்டாவது சரணத்தில் வரி மறந்து விழித்தாள். கூட்டம் எடுத்துக் கொடுத்தது. நீ உன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு அடித்து அடித்து எழுதிய வரிகள். ஒரு சொல் பிசகாமல் கொடுத்தார்கள். இரண்டு பாட்டு என்று ஏறியவர்களை எட்டுப் பாட்டும் முடிந்த பிறகுதான் இறங்க விட்டார்கள். கஜபதிக்குப் பிடிக்காத அந்த டிரம்ஸ் இடத்தில் அவரே விசில் அடித்ததைப் பார்த்தேன்.

எனக்கு இந்த இசை முழுசாகப் பிடிபட்டதாகச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று நான் அறுபது தாண்டியவன் போல நிற்கவில்லை. நான் ஓட்டிப் பார்த்த டாங்கிகள் குடியரசு தின அணிவகுப்பில் போகும்போது டிவி முன்னால் எழுந்து நிற்பேனே, அப்படி நின்றேன்.

இறங்கும்போது ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க பொண்ணு எப்ப சார் வரும்?" என்றாள். கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஜனவரியில் நகரத்தில் நடக்கும் பெரிய இசைவிழாவில் வாசிக்க அழைப்பு வந்திருக்கிறது. முழு ஆல்பத்தையும் வரிசையாக வாசிக்கவேண்டுமாம். சுவேதாவையே பாடச் சொல்லலாமே என்று சிலர் சொன்னதற்கு அவளே, "அது பாடறத நான் கீழ நின்னு கேக்கணும்" என்றுவிட்டாள். ஆசிம் இன்னும் பதில் அனுப்பவில்லை. உன்னைக் கேட்காமல் அனுப்ப மாட்டானாம். உன்னிடம் கேட்கவும் அவனுக்குத் தைரியமில்லை.

நான் உன்னை வா என்று எழுதவில்லை. உன் வேலை, உன் லீவு, உன் மனசு. கேட்டவர்கள் என்ன சொன்னார்கள் என்பது உனக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அம்மா மட்டும் காய் நறுக்கும்போது உன் மொட்டைமாடிப் பாட்டைத் தப்பும் தவறுமாக முணுமுணுக்கிறாள். திருத்த எனக்கு வரி தெரியாது.

அங்கே இனி குளிர் காலம். வெளியே போகும்போது கழுத்தில் மப்ளர் சுற்றிக்கொள். ஐஸ் போட்டது எதையும் குடிக்காதே. இரவு படுக்கும் முன் வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளி. தொண்டையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், அம்மா.

எல்லா நலமும் உன்னைச் சூழ்ந்திருக்க வேண்டும்,
உன் அப்பா
லட்சுமணன்