என் சல்லடையில் விழுந்த பிரிஜியர் ஊசி

உம்மா, ரெண்டாயிரத்து எழுநூறு வருசத்துக்கு முந்தி இந்தத் துருக்கிய ஆண்ட பிரிஜியர்ட வெண்கல ஊசி ஒண்டு என்ட சல்லடையிலதான் வந்து விழுந்திச்சு!

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்ல சுகம். வாப்பாட கால் நோவு எப்பிடி?

இங்க பழங்கால ஊரத் தோண்டுற மண்ண சலிக்கக்குள்ள நான்தான் முதல்ல கண்டன். வில்லு மாதிரி வளைஞ்சு, நீங்க முக்காட்டுக்குக் குத்துற பின் மாதிரியே இருந்திச்சு. எங்களுக்குச் சமைக்கிற பொம்புளட பின்னாக்கும் எண்டு ஓரத்துல எறிஞ்சிட்டன். கூட வேல செய்யிற எம்ரே அத எடுத்துப் பாத்துட்டுக் கத்தினான். பிரிஜியரப் பத்தி நான் முன்னூறு வீடியோ பாத்திரிக்கன், அவன் ஒண்டும் பாக்கல்ல!

உங்கட பின் மாதிரி இருந்திச்சு எண்டு சொன்னதுக்கு, "உனக்கு எந்த நேரமும் உம்மாட நெனப்பு, அதான் கைக்கு வந்ததயும் உட்டுட்ட" எண்டு சிரிக்கான். பேப்பர்லயும் அவன்ட படம்தான். வயிறு பத்தி எரியிது உம்மா.

தங்கச்சி நதீராட்டச் சொல்லி உங்கட பழைய பின் ஒண்டு அனுப்புங்க. சும்மா, சேட்டுல குத்திக்கொள்ளத்தான்.

வேன் வந்திட்டு, போறன். அந்தப் பேப்பர் படத்த நம்மட குடும்பக் குரூப்புல போட்டிரிக்கன். எம்ரேக்குப் பக்கத்துல சல்லடையப் புடிச்சிரிக்கிற கை மட்டும் தெரியும். அது உங்கட மகன் சிப்லிட கை எண்டு சொல்லி எல்லாருக்கும் அனுப்புங்க உம்மா.