நீலமாகாத அணுக்கள்

அண்ணா,

இன்று காலை மருந்துக் கடையில் எனக்கு முன்னால் நின்றவர் கட்டிக்குப் போடும் கருப்புக் களிம்பு கேட்டார். கடைக்காரர் டப்பாவைத் திறந்து காட்டியதும் அந்தத் தார் வாசம் வந்தது. நான் வாங்க வந்தது மறந்துபோனது. செஞ்சி வீட்டில் உன் சட்டைகள் எல்லாவற்றிலும் அந்த வாசம்தான் இருக்கும். கழுத்தில் ஒரு கட்டி ஆறினால் அக்குளில் இன்னொன்று கிளம்பும். உடம்புச் சூடு என்று அம்மா எண்ணெய் தேய்த்துவிடுவாள்.

எண்பதுகளின் நடுவில் நான் சென்னையில் ஆராய்ச்சி மாணவி. நீ திண்டிவனம் தடத்தில் பஸ் கண்டக்டர். ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் கிருமியை எப்படிக் கொல்கின்றன என்பதுதான் எங்கள் வேலை. கிருமி வந்து தொட்டதும் அணுவின் சவ்விலிருந்து கொஞ்சம் கொழுப்பு பிரிந்து உள்ளே சேதி சொல்லும். அதுவரை தூங்கிக்கொண்டிருந்த நொதி ஒன்று விழித்து, ஆக்சிஜனை நஞ்சாக்கிக் கிருமியின்மேல் கொட்டும். நாங்கள் அந்தக் கொழுப்பை வெளியிலிருந்து சேர்த்து, மஞ்சள் சாயமும் கலப்போம். நொதி விழித்தால் அணு கருநீலமாகும்.

ஒரு நாள் வேர்க்கடலைப் பையோடு என்னைப் பார்க்க வந்தாய். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத ஒருவரின் ரத்தம் தேவைப்பட்டது. கேட்டதும் கையை நீட்டினாய். கொடுத்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறினாய். அன்று பிற்பகல் நுண்ணோக்கியில் உன் அணு ஒன்றுகூட நீலமாகவில்லை. சாயம் கெட்டுவிட்டதென்று புதிதாகக் கரைத்தேன். கொழுப்பை இரண்டு மடங்காக்கினேன். வெளிறியே கிடந்தன. அதே சாயத்தில் பக்கத்து மேசைத் தோழியின் ரத்தம் நீலமானது. அப்போதுதான் உன் கழுத்துத் தழும்புகள் நினைவுக்கு வந்தன.

ஞாயிற்றுக்கிழமை செஞ்சிக்கு வந்தேன். பஸ் நிலையத்தில் உன் வண்டி காலியாக நின்றிருந்தது. கடைசி சீட்டில் உட்கார்ந்து, பிறவியிலேயே அந்த நொதி உனக்கு வேலை செய்யவில்லை என்று சொன்னேன். தோளில் இருந்த டிக்கெட் பையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாய்.

“விசில் அடிச்சாச்சு, வண்டில இன்ஜின் இல்ல. அதான சொல்ற?”

என் பேராசிரியரிடம்கூட நான் அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை. தினம் ஒரு மாத்திரை போட்டால் கட்டி வராமல் காக்கலாம் என்றேன். இது அம்மா வழியாக வருவது, பெரும்பாலும் ஆண் பிள்ளைகளைத்தான் பிடிக்கும் என்றும் சொன்னேன்.

“அம்மாகிட்ட சொல்லாத. தன்னாலதான் வந்துச்சின்னு சோறே துன்ன மாட்டா” என்றாய். பிறகு என் முகத்தைப் பார்த்து, “உனக்கு இருக்குதா?” என்று கேட்டாய்.

“இல்லண்ணா.”

“அது போதும்” என்று பையை மாட்டிக்கொண்டு இறங்கினாய்.

பத்து வருஷத்துக்கு மேல் மாத்திரை உன்னைக் காத்தது. அப்புறம் ஓர் அடைமழைக் காலம். பூஞ்சணம் பிடித்த வைக்கோல் பக்கம் போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மாடு பட்டினி கிடக்கிறதென்று வைக்கோல் போரை நீயே பிரித்துப் போட்டாய். நுரையீரலில் இறங்கிய பூஞ்சணத்தோடு மூன்று வாரம் போராடினாய்; நான்காவது வாரம் நீ இல்லை.

அந்த ஞாயிற்றுக்கு முந்தின நாளே என் ரத்தத்தையும் பார்த்துவிட்டேன், அண்ணா. பாதி அணுக்கள் நீலமாயின. மீதி, உன்னுடையவைபோல வெளிறியிருந்தன. அந்தப் பாதியோடுதான் இன்னும் இருக்கிறேன். மகன் பிறந்தால் அவனுக்கு வரலாம் என்று, கட்டிக்கொள்ளப் போகிறவரிடம் முதல் பேச்சாக அதைத்தான் சொன்னேன். மகள் வளர்ந்ததும் அவளிடமும் சொன்னேன். உன் ஒருவனிடம் மட்டும்தான் பொய் சொன்னேன்.