கத்தரியை ஒளித்த பிறகு

தாராவி,
3 ஜூலை 2024

அன்புள்ள ரஷீதா லாத்தாவுக்கு ஸலாம்.

போன் இருக்கும்போது கடிதம் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். இந்த ஒரே அறையில் உம்மா காதில் விழாமல் எதுவும் பேச முடியவில்லை. அம்பர்நாத் வரும் வாஹித் மாமாவிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உம்மாவுக்கு மறதி கூடிவிட்டது. துண்டுத்துணிகளை ஒட்டிக் கோதடிப் போர்வை தைக்கையில் இரண்டு முறை விரலை வெட்டிக்கொண்டாள். ஊசியை மட்டும் விட்டுவிட்டு, கத்தரி, குண்டூசி, இஸ்திரிப்பெட்டி எல்லாவற்றையும் பக்கத்துவீட்டு நஸீராவிடம் கொடுத்துவைத்தேன்.

"கத்தரி எங்கடி?"

"தெரியல உம்மா."

"பி.காம். படிச்சவளுக்கு இதுகூடத் தெரியாதோ?"

மறுநாளே சோமாஸ் கரண்டியின் சக்கரத்தால் துணியில் கோடு போட்டு, பல்லால் கடித்துக் கிழித்தாள். டம்ளரைக் கவிழ்த்து சோப்புத் துண்டால் வட்டம் வரைகிறாள். குண்டூசிக்குப் பதில் என் ஹேர்கிளிப்புகள். ஒன்றுகூட மிச்சமில்லை, நான் தலையை விரித்துக்கொண்டு திரிகிறேன்.

சஃப்ரீன்


அம்பர்நாத்,
9 ஜூலை

சஃப்ரீனுக்கு,

தமிழ் படிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சா, உன் கடிதத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கவே அரைநாள் ஆச்சு. சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது. மச்சான்கூட, "உங்க உம்மாவுக்கு ஒரு கம்பெனியே வச்சுக் கொடுக்கலாம்" என்றார். நீ சின்னதிலிருந்தே எல்லாத்துக்கும் பயப்படுவே. நீ தேடுற வேலை கிடைச்சா எனக்குத்தான் முதல்ல சொல்லணும். என் பழைய சேலை ரெண்டு அனுப்பியிருக்கேன், கோதடியில் சேர்க்கச் சொல்.

ரஷீதா


தாராவி,
14 ஜூலை

அன்புள்ள லாத்தா,

சேலைகள் வந்தன. யாருடையது என்று உம்மா கேட்டாள், சொன்னேன். சற்று நேரத்தில் மறுபடியும் கேட்டாள்.

செம்பூரில் ஒரு ஆபீசில் வேலை கிடைத்திருக்கிறது. ஒன்றாம் தேதி சேரவேண்டும். உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

நீ சிரிக்கும்படி எழுதியது என் தப்பு. நான் இன்டர்வியூவுக்குப் போன அன்று, உம்மா வெறும் சொம்பை கேஸில் சூடாக்கி, இஸ்திரிப்பெட்டிக்குப் பதில் அதை வைத்துத் தையலை அழுத்தியிருக்கிறாள். அடுப்பை அணைக்கவில்லை. பக்கத்திலேயே துணிக்குவியல். புகையைப் பார்த்து நஸீரா ஓடிவந்திருக்கிறாள். நான் ஒன்றை ஒளித்தால் உம்மா அதைவிட ஆபத்தான ஒன்றைக் கண்டுபிடிக்கிறாள். அடுப்பை எங்கே ஒளிப்பேன்?

நான் படிக்கவேண்டும் என்று நீ பத்தாவதோடு தையல் மிஷினில் உட்கார்ந்தாய். அதற்கு மேலும் உன்னிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. போன கடிதத்தையும் இதைக் கேட்கத்தான் தொடங்கினேன். உன் மாமியார் என்ன சொல்வார் என்பதும் தெரியும்.

ஒன்றாம் தேதிக்கு முன்னால் வந்து உம்மாவைக் கூட்டிக்கொண்டு போவாயா, லாத்தா?

உன் தங்கை,
சஃப்ரீன்