அப்பாவுக்குப் பக்கத்தில்

தம்பிக்கு,

அம்மாவின் அடக்கத்துக்கு வர, சுவா நகரிலிருந்து நம் தீவுக்கு உனக்குப் படகு கிடைக்கவில்லை என்றாய். சரி.

அவளை அப்பாவுக்குப் பக்கத்தில் வைக்கத்தான் பாயில் சுற்றித் தூக்கிப் போனோம். அப்பாவைப் புதைத்த அந்தக் கடற்கரையைத்தான் நீ ஹோட்டலுக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டாயே. வாசலில் காவலுக்கு நின்றவன் நம் சித்தப்பா மகன் இலியேசா.

"அக்கா, வெள்ளக்காரங்க குளிக்கிற நேரம். பொணத்தப் பாத்தா பயந்துருவாங்களாம். உள்ள விட்டா என் வேலை போயிரும்."

"அப்ப அம்மாவ எங்கடா கொண்டுபோக?"

அவன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எங்களோடு வந்தான். மேட்டு மரவள்ளித் தோட்டத்தில் அவனே குழி வெட்டினான். அங்கிருந்து கடல் தெரியாது.

உன் மகள் கல்யாணம் அந்த ஹோட்டல் கடற்கரையில்தானாமே. அப்பாவின் மேல் நாற்காலி போடாமல் பார்த்துக்கொள்.

உன் அக்கா