காய்ச்சல் பஸ் ஏறிப் போனதாக நான் சொன்னது

முந்தல்,
மன்மத வருஷம் கார்த்திகை 8.

அன்புள்ள மகன் அமாவாசைக்கு ஆத்தா மாயக்காள் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அய்யாவும் கடையில் பால் திருடுகிற பூனையும் சுகம். அங்கே டேராடூனில் நீயும் உன் துப்பாக்கியும் சுகமாக இருக்க மாரியம்மன் பார்த்துக்கொள்வாள். எல்லாரும் சுகம் என்று ஒரே வரியில் எழுத ஆசைதான், உன் தங்கச்சி சோலையம்மாளை அந்த வரியில் சேர்க்க முடியவில்லை, அதனால்தான் இட்லி வேகிற நேரத்தில் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதுகிறேன், காகிதத்தில் மாவு ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டுப் படி. அதற்கு முன்னால் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது கை கால் வைத்து எழுதுவதற்குள் நானே சொல்லிவிடுவது நல்லது. போன மாதம் போடியில் பந்தல் போட்டு மைக்கு வைத்து, ஊரே கூடியிருக்க மேடையில் ஏற்றி உன் ஆத்தாவுக்கு மாலை போட்டார்கள். எதற்கென்றால் என் கணுக்காலுக்காக. சேலையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்கம்மா என்றார்கள், நானும் காட்டினேன், கை தட்டினார்கள். மெட்ராசிலிருந்து வந்த பெரிய மனுஷர் ஒருத்தர் குனிந்தே பார்த்தார். உன் அய்யா பந்தலுக்கு வெளியே போய் மாட்டைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டார், அங்கே மாடே இல்லை.

விவரத்தைக் கேள். புரட்டாசியில் எனக்கு மலைக்காய்ச்சல் வந்து ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர் தூக்கிப் போட்டது, இருக்கிற கம்பளி போதாமல் இட்லித் துணி வரைக்கும் மேலே போட்டுக்கொண்டு கிடந்தேன். போடி ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஞானதுரை கொயினா மாத்திரை கொடுத்து, கசக்கத்தான் செய்யும், துப்புனதா தெரிஞ்சா அடுத்தாப்ல ஊசிதான் என்று மிரட்டி அனுப்பினார். நான் ஊசிக்குப் பயந்து ஒன்று விடாமல் விழுங்கினேன், ரெண்டு காதிலும் வண்டு கத்துகிற மாதிரி இருந்தது, காய்ச்சல் இறங்கிவிட்டது. இதற்கு நடுவில்தான் பால்சாமி கடைக்கு இட்லி தின்ன வந்தார். உனக்கு அவரைத் தெரியும், ஏலக்காய் மண்டிக்காரர், நீ பட்டாளத்துக்குப் போனபோது ரயிலடியில் உனக்கு ஆரஞ்சுப் பழம் கொடுத்தாரே அவர்தான். இப்போது எலெக்ஷனில் ஜெயித்து மலையடிவாரச் சுகாதாரக் கமிட்டிக்குத் தலைவராகிவிட்டார், கொசு மருந்து அடிக்கிற ஆட்கள் எந்த ஊருக்குப் போகணும் எந்த எஸ்டேட்டுக்குப் போக வேண்டாம் என்று அவர் எழுதிக் கொடுக்கிறபடிதான் மேலே உத்தரவு போடுகிறார்கள். மனுஷர் கெட்டவர் இல்லை, அதுதான் சங்கடம். எங்கேயோ ஒரு புஸ்தகத்தைப் படித்துவிட்டு, மலைக்காய்ச்சல் கொசுவால் வருவதே கிடையாது, மலைக்குள்ளே இருக்கிற இரும்புக் கல்லு மனுஷ ரத்தத்தின் சூட்டைக் காந்தம் மாதிரி இழுக்குது, அதனால்தான் குளிருது, கணுக்காலில் செம்புக் கம்பி கட்டினால் அந்த இழுவை தரைக்குள்ளே இறங்கிரும் என்று போகிற இடமெல்லாம் சொல்கிறார். கொசு கடிச்சா அரிக்கும் மாயக்கா, குளிர் எப்படி வரும், யோசிச்சுப் பாரு, இது விஞ்ஞானம் என்பார். அவரும் ரெண்டு காலிலும் கம்பி கட்டியிருக்கிறார், சலங்கையை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த ஆட்டக்காரர் மாதிரி நடக்கிறார். அன்றைக்கு நான் நடுங்குவதைப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து ஒரு கம்பியை எடுத்து என் வலது காலில் முறுக்கிவிட்டுப் போனார், சும்மா வந்த கொலுசுதானே என்று நானும் விட்டுவிட்டேன்.

எழுந்து நடமாடின பிறகு ஒருநாள் பஸ்சு நின்று கூட்டம் நிறைந்திருந்த நேரம் அவர் வந்து, என்ன மாயக்கா, நம்ம கம்பி எப்படி வேலை செஞ்சது என்று கேட்டார். என் வாய்தான் உனக்குத் தெரியுமே. கம்பி கட்டின அன்னிக்கே காய்ச்சல் என் காலைத் தொட்டுக் கும்பிட்டு, ஆத்தா இனிமே ஒன் பக்கம் வரமாட்டேன், கொச்சிக்குப் போறேன்னு சொல்லிப் பஸ்சு ஏறிப் போயிருச்சு, பாவம்னு டிக்கெட்டு நான்தான் எடுத்துக் கொடுத்தேன் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், டிரைவர் சட்னியைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். பால்சாமி மட்டும் சிரிக்கவில்லை. பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். ஒரு வாரத்தில் நோட்டீசு வந்துவிட்டது, முந்தல் இட்லிக்கடை ஸ்ரீமதி மாயக்காள் அம்மாளின் அனுபவம், கம்பி கட்டிய அன்றே காய்ச்சல் விடைபெற்றது என்று கொட்டை எழுத்தில். பஸ்சு ஏறின கதையையும் டிக்கெட்டையும் விட்டுவிட்டார்கள், அதைப் போட்டிருந்தாலாவது படிக்கிறவர்களுக்குப் புரிந்திருக்கும். என் பேரை அச்சில் பார்த்ததில் எனக்கும் தலைகால் புரியவில்லை, அதுதான் நிசம், மேடைக்குக் கூப்பிட்டதும் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். கொயினா தின்றதை அங்கே சொல்லியிருக்கலாம். மாலை கனமாக இருந்தது, சொல்லவில்லை.

அப்புறம் வந்தது வினை. பம்பும் வாளியுமாக டி.டி.டி. மருந்து அடிக்கிற ஆட்கள் மலை ஏற வந்து என் கடையில்தான் தங்கினார்கள். மறுநாள் காலையில் உத்தரவு வந்தது, போடிமெட்டுப் பக்கத்து எஸ்டேட்டுக்கெல்லாம் மருந்து வேண்டாம், அங்கே கமிட்டியே கம்பி கட்டிவிடும், நீங்கள் வேறு தாலுகாவுக்குப் போங்கள் என்று. அந்த ஆட்களில் ஒருத்தன் இலையை மடித்துக்கொண்டே, அக்கா ஒங்க காலு புண்ணியத்துல எங்களுக்கு மலையேத்தம் மிச்சம் என்றான். நானும் சிரித்துவிட்டு அவனுக்கு இன்னொரு வடை வைத்தேன். அவர்கள் பஸ்சு தூசி அடங்கின பிறகுதான் எனக்கு உறைத்தது, மேலே எஸ்டேட் லயத்து வீட்டில் சோலை இருக்கிறாளே, அந்தச் சுவர்களுக்கும் சேர்த்துத்தானே மருந்து திரும்பிப் போகிறது என்று. அன்றிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. மாவு ஆட்டினால் பாதியில் எழுந்து ரோட்டைப் பார்க்கிறேன், மேலிருந்து இறங்குகிற ஜீப்பையெல்லாம் கையைக் காட்டி நிறுத்துகிறேன். ஜீப்பு ஓட்டுகிற தவசி என்னைக் கண்டாலே ஆரன் அடிக்கிறான். அவன்தான் சொன்னான், ஆத்தா, சோலைக்குக் காய்ச்சலு, காய் பறிக்கப் போகாம ரெண்டு தடவை படுத்துட்டா, ஆனா கவலைப்படாத, காலுல கம்பி கட்டிருக்கு என்று.

ஏலக்காய் லோடு ஏற்றப் போகிற அவன் ஜீப்பிலேயே மறுநாள் ஏறிப் போனேன். சோலை வெயிலில் மறந்து போட்ட ஏலக்காய் மாதிரி வெளுத்துக் கிடக்கிறாள். மலையாளத்துக்காரிகளோடு சேர்ந்து அவளும் காய்ச்சலைப் பனி என்கிறாள், பனி வந்து பனி வந்து என்கிறாளே தவிர, மருந்து என்றால் வாயை மூடிக்கொள்கிறாள். எஸ்டேட் கணக்குப்பிள்ளை கொடுத்த கொயினாவைக் கோழிக்குப் போட்டிருக்கிறாள். கோழி கொத்திப் பார்த்துட்டுத் துப்பிருச்சு ஆத்தா, கோழியே திங்காததை நான் எதுக்குத் திங்கணும், நீயே கம்பியிலதானே எந்திரிச்ச என்கிறாள். அந்த நோட்டீசை ஒரு ஆணியில் குத்தி, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள் மகனே. நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அடி அது விளையாட்டுக்குச் சொன்னதுடி, நான் எந்திரிச்சது மாத்திரையில என்றேன். அவள் அந்தக் காய்ச்சலிலும் சிரிக்கிறாள். புளியங்கொட்டையை முழுங்கினா காது வழியா மரம் முளைக்கும்னு சொன்னியே அந்த மாதிரியா என்கிறாள். மாப்பிள்ளைக்கு ஒத்தைக் கண்ணு கண்ணாடிக் கண்ணுன்னு சொல்லிக் கல்யாணம் வரைக்கும் என்னை அழவச்சியே அந்த மாதிரியா என்கிறாள். மாரியாத்தா மேல் சத்தியம் பண்ணினேன், கண்ணாடிக் கண்ணுக்கும் நீ மாரியாத்தா மேலதான் சத்தியம் பண்ணின என்கிறாள். அது உண்மை. எனக்குத் தாங்காமல் அழுகை வந்துவிட்டது, நான் அழுது நீ பார்த்திருக்க மாட்டாய், அவளும் பார்த்ததில்லை. நல்லா வருது ஆத்தா, நாடகத்துல சேந்துரு என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாப்பிள்ளை முனியசாமியிடம் சொன்னால் அவர் கடைசியாகப் பேசினவர்களுக்குத் தலையாட்டுகிறவர், எனக்கும் ஆட்டினார், நான் ஜீப்பில் ஏறின பிறகு யாருக்கு ஆட்டியிருப்பாரோ. அவர் காலிலும் ஒரு கம்பி. குழந்தை ராக்குவின் காலில் சின்னதாக ஒன்று.

கீழே வந்த கையோடு பால்சாமி மண்டிக்குப் போனேன். அய்யா, நான் கொயினா தின்னேன், அதுலதான் பொழைச்சேன், நோட்டீசை மாத்துங்க, மருந்துக்காரங்களைத் திருப்பிக் கூப்பிடுங்க என்றேன். அவர் கோபப்படவே இல்லை, நாற்காலி போட்டு உட்கார வைத்துக் காப்பி வாங்கிக் கொடுத்தார். நீ மாத்திரை தின்னது சரி மாயக்கா, ஆனா அந்த மாத்திரையை உள்ளே வேலை செய்ய விட்டது யாரு, கம்பிதானே என்றார். அப்போ கம்பி கட்டியும் காய்ச்சல் வருதே சோலைக்கு என்றால், கம்பி இல்லேன்னா இன்னும் எம்புட்டு வந்திருக்கும் பாரு என்கிறார். எந்தப் பக்கம் போனாலும் கதவைச் சாத்தாமலே சாத்துகிறார். அவர் சம்சாரம் பாண்டியம்மாள் மட்டும் என்னை வாசல் வரைக்கும் கொண்டுவந்து விட்டு, எங்க வீட்டுல ராத்திரி கொசுவலை கட்டித்தான் படுப்பாக, வெளிய சொல்லிராத என்றாள். நான் எங்கே சொல்வது, யாரிடம் சொல்வது. மலைக்குப் போகிற ஒவ்வொருத்தரிடமும் இலை போடும்போதே சொல்கிறேன், கம்பியை நம்பாதீங்க, கொயினாவைத் துப்பாதீங்க, கொசுவுக்கு மருந்தடிக்கணும்னு கேளுங்க என்று. மாயக்கா இன்னிக்கு என்னமா முகத்தை வச்சுக்கிட்டுச் சொல்லுது பாரு என்று சிரித்துக்கொண்டு இன்னும் ரெண்டு இட்லி கேட்கிறார்கள். வியாபாரம் கூடியிருக்கிறது. ஆயுசில் முதல் தடவையாகக் கடையில் கூட்டம் வந்தால் எரிச்சல் வருகிறது.

அதனால் உன்னிடம் வருகிறேன். உனக்குப் பிறந்ததிலிருந்தே விளையாட்டு வராது, யாருக்குப் பிறந்தாயோ என்று உன் அய்யாவையே நான் கேட்டிருக்கிறேன், இப்போது அதுதான் நமக்கு உதவப் போகிறது. நீ சொன்னால் சோலை நம்புவாள். அஸ்ஸாமில் காய்ச்சலில் கிடந்தபோது வரிசையில் நிற்க வைத்து, வாயைத் திறக்கச் சொல்லி மாத்திரை போட்டார்கள் என்று நீ எழுதின கடிதத்தை அவள் இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாள். அதைச் சொல்லியும் பார்த்தேன், அது அஸ்ஸாம் மலை, இது நம்ம மலை என்கிறாள். ஆகையால் நம்ம மலைக்கும் அதே மாத்திரைதான் என்று நீ சொல்லவேண்டும். கடிதம் போட்டால் நாளாகும், எஸ்டேட் ஆபீசுக்குத் தந்தி அடி. தந்தி என்றால் அவள் பயப்படுவாள், பயந்தால் தின்பாள், குழந்தைக்கும் கொடுப்பாள். நானே உன் பேரில் அடித்துவிடலாம் என்று போடி தபாலாபீசுக்குப் போனேன், எந்த ஊரிலிருந்து வருகிறது என்று தந்தியிலேயே போட்டிருக்குமாம், விட்டுவிட்டேன். தந்தியில் என் பேரை மட்டும் சேர்க்காதே, சேர்த்தால் அதையும் நான்தான் செய்தேன் என்பாள். முடிந்தால் உங்கள் பட்டாளத்து டாக்டரைக் கொண்டு பால்சாமிக்கும் ஒரு கடிதம் எழுதச் சொல், முத்திரை குத்தினதாக, கொஞ்சம் பெரிய முத்திரையாக. காக்கிச் சட்டைக்கு அவர் எழுந்து நிற்பார், மருந்து அடிக்கிறவர்களை மறுபடியும் மலைக்கு அனுப்பு என்று டாக்டர் சொன்னால் செய்தாலும் செய்வார்.

மற்றபடி மழை இந்தத் தடவை பின்தங்கிவிட்டது, சிலமலைப் பக்கம் கிணறெல்லாம் பாதிதான். உனக்குப் பார்த்த ராசிங்காபுரத்துப் பெண்ணின் ஆத்தா கடைக்கு வந்து, பையன் மாசம் ஒரு கடுதாசியாவது போடுவானா என்று கேட்டாள், எனக்கே போடுவதில்லை என்று சொல்லிவிட்டேன், பெண் கொடுப்பார்களோ என்னவோ. அங்கே குளிருக்குக் காதைக் கட்டிக்கொள். கொடுக்கிற மாத்திரையைத் துப்பாதே, கொசுவலையைக் கிழித்து மீன் பிடிக்காதே. உன் அய்யா எதுவும் எழுதச் சொல்லவில்லை, ஆனால் நான் எழுதுகிற இடத்திலேயே ரொம்ப நேரமாக விறகு பிளந்துகொண்டிருக்கிறார். மாரியாத்தா உனக்கு நீண்ட ஆயுசும், உன் தங்கச்சிக்குக் கொஞ்சம் புத்தியும், எனக்கு வாய்ப்பூட்டும் கொடுக்கட்டும். இந்தக் காகிதத்தை மடிக்கிறதற்கு முன்னால் எழுந்து போய்த் தந்தி அடித்துவிட்டு வா.

இப்படிக்கு,
உன்னை ஒருநாளும் ஏமாற்றாத (சரி, சிலநாள்)
ஆத்தா மாயக்காள்.

எழுத விட்டுப்போனது: மேலே எழுதினதை நேற்றே முடித்துவிட்டேன். தபாலில் போடப் போனவள், பஸ்சு நிற்கிற இடத்துச் சுவரில் ஒட்டியிருந்த அந்த நோட்டீசைக் கிழிக்கலாம் என்று ஸ்டூல் போட்டு ஏறினேன். ஸ்டூல் சாய்ந்தது. வலது கணுக்கால் வீங்கி, இன்னும் கழற்றாமல் விட்டிருந்த கம்பி சதைக்குள் புதைந்துவிட்டது. கருமான் வந்து அரம் வைத்து அறுத்து எடுத்தார். நோட்டீசில் பாதி கிழிந்தது, என் பேர் இருக்கிற பாதி இன்னும் சுவரில் இருக்கிறது. இந்த வாரம் மலைக்கு ஏற முடியாது, ஆகையால் தந்தி. நான் அசந்து தூங்கினபோது பால்சாமி பழத்தோடு பார்க்க வந்திருக்கிறார். அவர் முறுக்கும்போது உன் அய்யா என் காலை அசையாமல் பிடித்துக்கொண்டாராம். இப்போது கம்பி இடது காலில் இருக்கிறது.