துண்டுச் சீட்டில் நான் கேட்ட கேள்வி

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் நன்றாகவே இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரியில் கேட்டு முடிக்கிற கடிதமில்லை இது, முழுக்க முழுக்க அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். வீட்டு விலாசத்துக்கு அனுப்பாமல் ஆபீசுக்கு அனுப்பியிருக்கிறாளே என்று பதறாதே, பதற்றமெல்லாம் எனக்குத்தான்.

அப்பாவின் மனிதநேய மன்றம் உனக்குத் தெரியும், தையல் கடை மாடியில் நாற்பது நாற்காலி போட்டுப் பத்துப் பேர் வருகிற கூட்டம். மாதம் ஒருவரைக் கூப்பிட்டுச் சமூகப் பிரச்சினைகளைப் பற்றிப் பேச வைப்பார்கள், போன மாதம் குப்பையைப் பற்றிப் பேசினவர் முடிப்பதற்குள் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள், நானும்தான். நான் போவது டீ கொடுக்க. இந்தச் சனிக்கிழமை ஒரு வக்கீலம்மா வந்தார், வீட்டுக்குள் அடிபடுகிற பெண்களுக்காக வழக்கு நடத்துகிறவர். அடிதான் முதல்ல வரும்னு நினைக்காதீங்க, அதுக்கு ரொம்ப முன்னாடியே பொண்ணு தனியா போன் பேசமாட்டா, எதைக் கேட்டாலும் பக்கத்துல ஒரு பார்வை பாத்துட்டுதான் பதில் சொல்லுவா என்றார். நான் டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டேன். வீடியோவில் சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட நீ பக்கத்தில் பார்த்துவிட்டுத்தானே தலையாட்டுகிறாய்? மாப்பிள்ளை உன் பக்கத்தை விட்டு நகரவே மாட்டேன் என்கிறார் என்று எதிர்வீட்டு அக்காவிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேனே அம்மா.

அங்கே யாரும் கை தூக்கிக் கேள்வி கேட்கக் கூடாது, கூச்சப்படுகிறவர்களும் கேட்கட்டும் என்று பெயர் போடாமல் துண்டுச் சீட்டில் எழுதி டப்பாவில் போட வேண்டும், செயலாளர் எடுத்துப் படிப்பார். தூர தேசத்தில் இருக்கிற மகள் இப்படி இருந்தால் பெற்றவர்கள் என்ன செய்வது என்று எழுதிப் போட்டுவிட்டேன். செயலாளர் உன் அப்பாதான் என்பது அந்த நேரத்தில் எனக்கு உறைக்கவே இல்லை. பாதி படித்ததும் என் கையெழுத்து தெரிந்து அப்படியே நிறுத்திவிட்டார். மீதியை வக்கீலம்மா வாங்கிப் படித்தார். அவ தனியா இருக்கிற இடத்துக்குச் செய்தி அனுப்புங்க, புருஷன் எதிர்ல எதுவும் கேக்காதீங்க என்றார். ஊரையே திருத்துகிற உன் அப்பா வீட்டுக்கு வந்ததும், எனக்கும் ரொம்ப நாளா தோணுச்சு, வாய்விட்டுச் சொன்னா நிஜமாயிடுமோன்னு பயந்துட்டேன் என்று சொல்லி அழுதார். அவர் அழுததைப் பார்த்ததும்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன்.

நான் தப்பாக நினைத்திருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன், மாப்பிள்ளையிடமும் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தப்பில்லை என்றால் நீ விளக்கம் எழுத வேண்டாம், ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று நாங்கள் ஒருநாளும் கேட்கமாட்டோம். வேளைக்குச் சாப்பிடு, அவரிடம் எதிர்த்துப் பேசி மாட்டிக்கொள்ளாதே.

நீ நூறு வருஷம் பயமில்லாமல் வாழ வேண்டும், எங்கள் ஆயுளும் உனக்கே. ஒன்றை மட்டும் மறக்காதே. நான் நினைத்தது சரி என்றால், அடுத்த முறை பேசும்போது அப்பாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேள், போதும். பரவாயில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டு, அன்றைக்கே இரண்டு பேரும் கிளம்பிவிடுவோம். அவருக்கு முழங்கால் வலியே கிடையாது என்பது உனக்குத் தெரியும், மாப்பிள்ளைக்குத் தெரியாது.

போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்,
அம்மா