அழகுக்கா, புண்ணுக்கா?

அன்புள்ள அம்மாவுக்கு, உன் பெரியவள் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன், நம்பு.

ஆஸ்பத்திரியில் நான் கட்டுப் போடும் அறைக்கு பஸ் ஓட்டும் அக்கா ஒருவர் வருவார். உடம்பு பாதியாக இளைத்ததில் வயிற்றுத்தோல் மடிந்து தொங்கி, அதன் அடியில் ஆறாத புண். அந்தத் தோலை எடுக்கும் ஆபரேஷனுக்கு விண்ணப்பித்தால், 'இது அழகுக்காகச் செய்வது' என்று இன்சூரன்ஸ்காரர்கள் தள்ளிவிட்டார்கள். "சீட்ல உக்காரவே முடியல, இதுல அழகு எங்க வந்துச்சு?" என்று அழுதார்.

பெரிய டாக்டரிடம் பேச எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், உனக்குத் தெரியாதா! அன்று அக்காவின் புண்ணுக்குக் கட்டுப் போட்ட மூன்று மாதக் குறிப்புகளையும் அவர் மேசையில் வைத்து, "இன்சூரன்சுக்கு மறுபடி எழுதி இதையும் சேத்து அனுப்புங்க சார்" என்றேன். அனுப்பினார். அனுமதி வந்து ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது.

நேற்று தையல் பிரித்தேன். அக்கா கண்ணாடி முன் நின்று அப்படியும் இப்படியும் திரும்பிப் பார்த்தார். பிறகு என் காதோடு, "அழகாவும்தான் இருக்கேன். இன்சூரன்ஸ்காரங்ககிட்ட சொல்லிடாத" என்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

அம்மா, இங்கே போர்வை முரடாக இருக்கிறது. உன் பழைய நூல்சேலை ஒன்றை அனுப்பு. துவைக்க வேண்டாம், கட்டி அவிழ்த்ததை அப்படியே மடித்து அனுப்பு. டியூட்டிக்கு நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்